நாற்பத்தேழு ஹெர்ட்ஸ்

ரிச்சி தெருவில் அரைநாள் பேரம் பேசி,
ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்து,
கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்த இருபது நிமிடமும்
இறக்கி வைக்காமல் கொண்டுவந்தேன்.
எட்டு அங்குலக் கூம்பு, கறுப்புப் பெட்டி,
முதுகில் ஒரு துளை, மூச்சு விட.

வாரிய வீடு. மூன்றாம் மாடி. பத்துக்குப் பன்னிரண்டு.
ஒரு கட்டில், ஒரு பீரோ, இரண்டு நீல டிரம்,
நான், மெர்சிலின், ரூபன்.
எட்டாவதாக இது.

சின்ன ஸ்பீக்கர்கள் இரண்டும் சுலபம்.
காது உயரத்தில் ஆணி அடித்து
தலையணைப் பக்கமாக முகம் திருப்பி விட்டேன்.
மெல்லிய ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி,
குறுக்கே ஒரு சட்டை தொங்கினால் நின்றுவிடும்.
தடித்த ஒலி அப்படியில்லை.
எங்கிருந்து வருகிறதென்று காதுக்குத் தெரியாது,
வயிற்றுக்குத்தான் தெரியும்.
சுவரில் மோதித் திரும்பி வருவது
போகிறதைப் பார்த்தால்
சில இடத்தில் கட்டிக்கொள்ளும்,
சில இடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும்.
எங்கள் அறையின் நட்டநடுவில், கட்டிலில்,
ஒன்றுமே இல்லை.
இரண்டு சத்தம் சேர்ந்து ஒரு மௌனம்.
கல்யாணமான ஒன்பது வருஷத்தில்
அதை நான் அறியாதவனுமல்ல.

வழி ஒன்று உண்டு. சிரிக்கக் கூடாது.
நீ உட்காரும் இடத்தில் பெட்டியை உட்காரவை.
பெட்டி இருக்கக்கூடிய இடமெல்லாம்
நீ தவழ்ந்து போய்க் கேள்.

மெர்சிலின் எழுந்து இடம் விட்டாள்,
அது விருந்தாளி என்பதைப் போல.
நான் முழங்காலிட்டேன்.
தாடை தரையில் உரசியது.
பீரோவின் கால். ஒற்றைச் செருப்பு.
போன மாதம் தொலைந்த ரேஷன் கார்டு.
ரூபன் யானை யானை என்று முதுகில் ஏறிக்கொண்டான்.
பீரோ ஓரம்: மூட்டைக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல.
கதவு ஓரம்: ஊமை.
டிரம்கள் நிற்கும் மூலையில்
தபேலாவின் இடக்கை,
உள்ளங்கை அழுத்தி நழுவுவதுகூடத் தெளிவாக.

"இங்கதான்" என்றேன்.
"தண்ணிய எங்க வெக்கிறது, உன் தலையிலயா?"

லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறை.
அது பேரம் பேசும் மூலை அல்ல.
சும்மா மூடியைத் தூக்கிப் பார்த்தேன்.
தண்ணீர் மேல் வட்டம் வட்டமாகப்
பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.
மூன்று பேரும் தலையை நுழைத்துப் பார்த்தோம்.
பெட்டி பீரோ ஓரத்துக்கே போனது,
சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி.

மறுநாள் கீழ்வீட்டு ஹபீபுன்னிசா அக்கா.
"பாட்டு பரவால்ல தம்பி.
தட்டு ஸ்டாண்டுதான் நடுநடுல பல்லக் கடிக்குது.
அவரு நைட் டூட்டி, பகல்லதான் தூக்கம்."

போனில் ஒற்றைச் சுருதியை எடுத்து
இருபதிலிருந்து மெல்ல ஏற்றினேன்.
படிக்கட்டு வளைவில் ரூபன் நின்றான்.
முப்பது. இல்லை.
நாற்பது. இல்லை.
நாற்பத்தேழில் கீழேயிருந்து "இப்போ! இப்போ!"
"இப்போ!" என்றான் ரூபன், அவன் பங்குக்கு.
ஒரு குடும்பத்தின் எவர்சில்வர் முழுக்க
அந்த ஒரே ஒன்றுக்காகக் காத்திருந்திருக்கிறது.

அதை மட்டும் இறக்கிவிட்டேன்.
அதிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பாட்டிலும்
அந்த இடத்தில் ஒரு படி கிடையாது.
கால் பழகிவிட்டது, தாண்டிப் போகிறோம்.

ராத்திரி மூன்று மணிக்கு
யார்டில் கரி வண்டிகளைக் கோத்து இழுக்கிறார்கள்.
இருபதுக்கும் கீழே எங்கிருந்தோ கிளம்பி
சுவர், கட்டில் சட்டம், என் விலா.
கீழே தட்டுகள் பல்லைக் கடிக்கின்றன.
டிரம்மைத் திறந்து பார்க்கத் தேவையில்லை.

"கொறச்சு வெய்யேன்" என்கிறாள் மெர்சிலின்,
கண்ணைத் திறக்காமல்.

இருட்டில் கை நீட்டி,
எப்போதோ அணைத்துவிட்ட பெட்டியின் குமிழை
இடப்பக்கம் கொஞ்சம் திருகுகிறேன்.