தாமதத்துக்கான காரணம்

இரண்டு நிமிடம் பிந்தினாலும்
படிவத்தில் காரணம் எழுத வேண்டும் நான்.
பனி. சக்கர நாற்காலி. கதவில் சிக்கிய நாய்க்கயிறு.
ஒருமுறை, ஒரு கடற்பறவை.
தண்டவாளத்தில் நின்றபடி
மீன்தலையைத் தின்று முடிக்கும்வரை
நகரமாட்டேன் என்றது.
அதையும் எழுதினேன்: பறவை, மூன்று நிமிடம்.
மேலாளர் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

கோதன்பர்கில் பதினொன்றாம் எண் டிராம் என்னுடையது.
நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஒரு பலகை
அடுத்த வண்டி நான்கு நிமிடத்தில் என்று
ஒளி எழுத்தில் சத்தியம் செய்யும்.
அந்தச் சத்தியத்தை ஓட்டிக்கொண்டு போவது என் வேலை.

என் குடியுரிமை விண்ணப்பத்துக்குப் பலகை கிடையாது.
கொடுத்தது ஒரு மார்ச் மாதம்.
எந்த மார்ச் என்று கேட்காதீர்கள்.
ஆறு மாதம் போனால்
முடிவைச் சொல்லுங்கள் என்று கேட்கச் சட்டத்தில் இடமுண்டாம்.
கேட்டேன்.
நான்கே வாரத்தில் பதில்:
இப்போது முடிவெடுக்க இயலாது.
இவ்வளவு விரைவாக அவர்கள் சொன்னது
அது ஒன்றுதான்.

பிறகு, நான் யார் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம்.
அஸ்மாராவில் எந்த வாசலைத் தாண்டி
இருட்டில் ஓடிவந்தேனோ
அதே வாசலைத் தட்டி
நான் நான்தான் என்று எழுதி வாங்கிவரச் சொல்கிறார்கள்.

தொலைபேசியில் ஒரு நாள்
வரிசையில் நீங்கள் நாற்பத்தேழாவது என்றது குரல்.
அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது.
ஓர் எண் இருந்ததல்லவா.
நாற்பத்தாறு, நாற்பத்தைந்து,
முட்டை வெந்து, ஆறி, உரித்துத் தின்று,
ஒன்று.
எடுத்தவர் நல்ல மனுஷி.
உங்கள் கோப்புக்கு இன்னும் ஆள் ஒதுக்கவில்லை என்றாள்.
எப்போது ஒதுக்குவீர்கள்?
அதைப் பார்க்கும் வசதி என் திரையில் இல்லை.

பணிமனைக்கு ஸோரிட்சா கேக் வாங்கிவந்தாள்.
பச்சைப் போர்வை, உச்சியில் சர்க்கரை ரோஜா.
எனக்கு ஒன்பது மாதம் பின்னால் விண்ணப்பித்தவள்.
நாற்பத்தோரு நாளில் கிடைத்துவிட்டது.
ஏனென்று அவளுக்கும் தெரியவில்லை.
திருடிவிட்டு அகப்பட்டவள்போல் நின்று
ரோஜா இருந்த துண்டை எனக்கே வெட்டித் தந்தாள்.
தின்றேன்.
லெத்தெப்ரஹான், பொறாமைக்கு என்ன ருசி என்று
யாராவது கேட்டால்
பாதாம் என்று சொல்.

செப்டம்பரில் தேர்தல்.
நகரத்துக்கு வெள்ளைச் சீட்டு, மாகாணத்துக்கு நீலம்,
இரண்டும் எனக்குண்டு.
மஞ்சள், நாட்டுக்கு.
இடைவேளையில் ஓடிப்போய்
இரண்டை உறையிலிட்டுப் போட்டுவிட்டு
மறுபடி இருக்கையில் ஏறி
மூன்று சீட்டுக்காரர்களைப் பள்ளிக்கூட வாசல்களில்
பொழுது சாயும்வரை இறக்கிவிட்டேன்.
அன்று ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை.

போன வியாழன் ஆலங்கட்டி மழை.
முன்னால் போன வண்டி தடம் புரண்டு நின்றது.
என் வண்டியில் எண்பது பேர், ஈரக் கம்பளி நாற்றம்.
ஏழு நிமிடம் பொறுத்தார்கள்.
எட்டாவதில் ஒருவர் மோதிரத்தால் கண்ணாடியைத் தட்டினார்.
எவ்வளவு நேரம்? ஒரு கணக்கு வேண்டாமா?
ஐயா, பதினோரு நிமிடத்துக்கே
அவருடைய காது சிவந்துவிட்டது.

கட்டுப்பாட்டு அறை தந்த வாக்கியம் ஒன்று உண்டு:
தாமதத்துக்கு வருந்துகிறோம், பொறுமைக்கு நன்றி.
ஒலிவாங்கியை எடுத்தேன்.
வாய்வரை வந்த அந்த வாக்கியத்தை
எனக்கு நன்றாகத் தெரியும்.
வீட்டு அலமாரியில் கட்டாக வைத்திருக்கிறேன்.

விழுங்கிவிட்டுச் சொன்னேன்:
முன்வண்டி தடத்தை விட்டு இறங்கிவிட்டது.
தூக்கும் லாரி வரவேண்டும்.
எவ்வளவு நேரமென்று எனக்குத் தெரியாது.
ஐந்து நிமிடத்துக்கொருமுறை,
தெரியாவிட்டாலும், சொல்கிறேன்.

ஐந்தில் சொன்னேன்: இன்னும் தெரியாது.
பத்தில் சொன்னேன்: தூரத்தில் ஆரஞ்சு விளக்கு,
குப்பை வண்டியாகவும் இருக்கலாம்.
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
குப்பை வண்டிதான்.
மோதிரக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

இரவு பணிமனையில் படிவம்.
தாமதம்: ஐம்பத்திரண்டு நிமிடம்.
காரணம் என்ற கட்டம் விரலளவு.
எழுதினேன், எழுதினேன்,
இடம் போதாமல்
பின்பக்கமும்.