ஒலி இல்லை

சோமனூர். ஞாயிறு. தறி ஓடாத குடோனில்
அங்கேயே நெய்த காடாத்துணிதான் திரை.
காப்பகத்திலிருந்து நான் கொண்டுபோன சுருள்
ஏழு நிமிடம்:
மில் வாசல், ஷிப்டு விடும் நேரம்.
டப்பாவின் மேல் என் கையெழுத்து,
"ஒலி இல்லை."

விளக்கைப் போட்டு வழக்கமான கேள்வி:
காமிரா எங்க நின்னுச்சு? ஏன் அங்க?
யாரும் வாய் திறக்கவில்லை.

தலையில் பஞ்சு ஒட்டிய துளசிமணி மட்டும்
"அந்தத் தூக்குப்போசிக்காரி சொல்றாளுங்,
மூணு நாள் கூலியப் புடிச்சுட்டான்,
ஊட்ல சொல்லிப்போடாதேன்னு.
பக்கத்துல இருக்கறவ
எனக்கு அஞ்சுங்கறா."

எப்படி?

குடோனே சிரித்தது.
நாப்பது தறி ஓடறப்ப
காத நம்பியா பேசறோம்?
ஒதட்டப் பாக்கோணுமுங்.

திருப்பி ஓட்டினேன். திருப்பி.
ஆளுக்கொரு வாயைப் பிடித்தார்கள்.
எண்பது வருஷமாய் ஒருத்தன்
மேஸ்திரியை வைதுகொண்டே
சைக்கிள் தள்ளிப் போகிறான்.
நான் எழுதிக்கொண்டே இருந்தேன்,
கேள்வி எதுவும் கேட்காமல்.

கேட்டைத் தாண்டும் சின்னவள் மட்டும்
திரும்பி எதையோ கத்துகிறாள்.
பாலு என்றார்கள் பாதிப்பேர்.
இல்லை, மாலு, அது பேரு.
உதட்டுக்கு இரண்டும் ஒன்றுதானாம்.

டப்பாவில் பென்சிலால் எழுதினேன்:
பாலு, அல்லது மாலு.