நாற்பது நிமிடம்

பதினேழாம் பிளாக்கில் ஒரு மரம் குறைகிறது.
ட்ரோன் சொல்வது நாலாயிரத்து இருநூற்றுப் பதினொன்று,
ஆபீஸ் பேரேட்டில் பன்னிரண்டு.
"ஒன்றுதானே" என்றேன்.
"அந்த ஒன்றுக்கும் உரம் போட்டிருக்கிறோம்"
என்றார் கிராணி நல்லபெருமாள்.

மூன்று பேட்டரியும் தீர்ந்திருந்தன.
வேனுக்குள் சார்ஜர் பச்சையாக மாற
நாற்பது நிமிடம்.
வழக்கமாய் அந்த நாற்பதும் கைப்பேசிக்குத்தான்:
சிலிம் ரிவரில் யார் வீட்டில் விசேஷம்,
யார் புது மைவி எடுத்தார்கள்,
யாருக்கு யார் இதயம் போட்டார்கள்.
கட்டைவிரல் நடக்கும்; நான் உட்கார்ந்திருப்பேன்.

இன்று நடந்தேன்.

ஒன்றரை வருடமாய் இந்தச் செம்பனைகளை
உச்சந்தலையில் மட்டும் பார்த்தவள் நான்.
மேலிருந்து ஒவ்வொன்றும் ஒரு பச்சை நட்சத்திரம்,
எண்ண வசதியாக.
கீழே வந்தால் அதற்குக் கால் இருக்கிறது,
காலெல்லாம் பெரணி,
பெரணிக்குள் எறும்புகளின் போக்குவரத்து,
வெட்டிப்போட்ட மட்டையின் புளித்த வாசம்.
இங்கே பகல் இவ்வளவு இருட்டென்று
திரையில் தெரிந்ததே இல்லை.
பூட்ஸுக்குள் ஏதோ ஏறியது. கத்தினேன்.
இரண்டு வரிசை தள்ளி ரஃபிக்குல்
வங்காள மொழியில் சிரித்தான்.

கிடைத்தது, ஓடைப் பக்கம்.
இடி விழுந்து தலை போன மரம்.
மட்டை இல்லை, குலை இல்லை,
நட்சத்திரமும் இல்லை; ட்ரோன் பாவம், என்ன செய்யும்.
அடிமரம் மட்டும் நிற்க,
பொந்துக்குள்ளிருந்து ஒரு முகம்
பாதியாய் அறுத்த ஆப்பிள்போல் வெள்ளையாக
என்னைப் பார்த்தது.

ஆந்தை முகத்தில் விழித்தால் ஆகாது என்பாள் அம்மா.
கம்பெனியோ எலி பிடிக்கவென்று
கம்பம் நட்டு, பெட்டி அடித்து,
வாடகையில்லாமல் வா என்கிறது.
இது அந்தப் பெட்டிகளைத் தாண்டி வந்து
கணக்கில் இல்லாத மரத்தில் குடியேறியிருக்கிறது.

படம் எடுக்கக் கை சட்டைப்பைக்குப் போனது.
மறைப்பானேன், எடுத்தேன்.
மங்கலாய் ஒரு பொந்து விழுந்தது, முகம் இல்லை.
நிமிர்ந்தபோது அது இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது.
பிறகு இருவரும்
எதுவும் எடுக்காமல்
கொஞ்ச நேரம்.

திரும்ப வழி தெரியவில்லை.
எல்லா வரிசையும் ஒரே வரிசை.
ஜிபிஎஸ்தான் வேன்வரை கூட்டி வந்தது,
அதற்கும் ஒரு நன்றி.
பேட்டரி எப்போதோ பச்சை.
நாற்பதல்ல, ஐம்பத்தெட்டு.

எண்ணிக்கையைப் பன்னிரண்டென்று திருத்திவிட்டேன்.
அடுத்த கட்டத்தில் கேள்வி:
உயிர்மரமா, பட்டமரமா?
இரண்டில் ஒன்றைத்தான் அழுத்த முடியும்.
விரல் நடுவில் நிற்கிறது.
கிராணி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.