மனை எண் பதினேழு

பதினோரு ஏக்கர், கொஞ்சம் கூடுதல்.
இந்த நிலத்தை நான் நான்கு முறை விற்றிருக்கிறேன்.

ஓசார்க் குன்றுகளில் தார் முடிந்து
சரளை தொடங்கி, சரளையும் முடிந்து
ஓடைக்குள் இறங்கி ஏறும் தடத்தின் கடைசியில்
நிற்கிறது என் பலகை:
கட்டுப்பாடு ஏதும் இல்லை. கடன் விசாரணை இல்லை.
முன்பணம் தொண்ணூற்றொன்பது டாலர்.
ஒவ்வொரு 'இல்லை'யிலும் யாரோ
தோட்டாவால் பொட்டு வைத்திருக்கிறார்கள்.
பருவம் தொடங்குமுன் குறி பார்த்துக்கொள்ள
பலகையைவிட அசையாத மான் கிடையாது.

முதலில் வந்தவர் டெல்மர் ஹக்கபி.
கான்சாஸ் சிட்டியில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர்.
வாழ்நாளெல்லாம் மேலும் கீழும் போனவருக்கு
அகலவாட்டில் ஏதாவது வேண்டியிருந்தது.
வெள்ளை ஓக்கில் ஏணி சாத்தி மேடை கட்டி
மூன்று நவம்பர் உட்கார்ந்தார்.
ஒரு மானையும் சுடவில்லை.
சுட்டதாகச் சொல்லவும் இல்லை.
வேட்டைக்காரரில் அப்படி இன்னொருவரை நான் பார்த்ததில்லை.
நாலாம் வருஷம் தவணை நின்றது.
ஏணி இருக்கிறது.

பிறகு ப்ரூயிட் தம்பதி.
பழைய பள்ளிப் பேருந்தை ஓட்டி வந்து
சக்கரம் கழற்றிவிட்டு, வீடு என்றார்கள்.
கழிவுத்தொட்டிக்கு யாரிடம் அனுமதி? கேட்டாள் லவேடா.
யாரிடமும் வேண்டாம் என்றேன், பெருமையாக.
தோண்டினார்கள். இரண்டடியில் பாறை.
பாறையிடம் கேட்டிருக்க வேண்டும்.
கிணறு போடுகிறவன் அடிக்கு இத்தனை என்று பேசி
முந்நூற்று எண்பது அடி போனான்.
அங்கே பணம் தீர்ந்தது.
தண்ணீர் அதற்கும் கீழே
தன் பாட்டுக்கு இருந்தது.
பேருந்தின் முதுகில் இன்னும் படிக்கலாம்:
'குழந்தைகள் இறங்கும்போது நிற்கவும்.'
நான் ஒவ்வொரு முறையும் நிற்கிறேன்.

நெங் லோர் அணில் வேட்டைக்காக வாங்கினார்.
சகோதரர்கள், சோற்றுப் பானை, நல்ல சிரிப்பு.
மேட்டில் கடுகுக்கீரை விதைத்தார்.
அடுத்த வசந்தத்தில் பக்கத்து மனைக்காரன்
இருநூறு பன்றிகளோடு வந்து சேர்ந்தான்.
நெங் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:
இவனுக்குமா கட்டுப்பாடு இல்லை?
இவனுக்கும்தான் என்றேன்.
தொலைபேசியில் வெகுநேரம்
பன்றிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

நான்காவது, ஐமோஜீன் ஸ்ட்ராட்.
இரவுப் பணி நர்ஸ். நிலத்தை ஒருமுறைகூட பார்த்ததில்லை.
மாதம் ஐந்தாம் தேதி காசோலை வரும்,
கூடவே ஒரு வரி: இப்போது அங்கே என்ன பூத்திருக்கிறது?
பூவுக்குத் தனிக் கட்டணம் கிடையாது;
படம் எடுத்து அனுப்பினேன். டாக்வுட். ரெட்பட்.
ஏணியும் பேருந்தும் சட்டத்துக்குள் விழாதபடி
நின்று எடுக்கப் பழகினேன்.
ஐம்பத்தைந்து மாதம். மீதி ஐந்து.
பிறகு காசோலை வரவில்லை, வரியும் வரவில்லை.
கடிதம் இரண்டு திரும்பி வந்தன.
ஒப்பந்தம் என் பக்கம்.
எதுவும் செய்யலாம் என்ற இந்த நிலத்தில்
செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று,
ஐந்தாம் தேதியை மறப்பது.

இன்று காலை ஒரு பையன். பெயர் கோல்ட்டன் வாய்ட்.
கூட ஒரு பெண், வயிற்றில் ஏழு மாதம்.
குடில் எங்கே வரும் என்று அவன் கையால் காற்றில் வரைந்தான்;
அவள் அதே இடத்தில், சரியாக அடுப்படியில்,
மூச்சு வாங்க நின்றாள்.
காற்று நல்லவேளையாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.
குனிந்து ஒரு இலை கிள்ளி மென்றாள்.
கடுகா? யார் போட்டது?

பறவைகள் என்றேன்.

பாறையைச் சொல்லியிருக்கலாம்.
முந்நூற்று எண்பதையாவது.
வாய் திறந்தேன்; அதிலிருந்து வந்தது
பேனா வேண்டுமா என்பது.

அவர்கள் போனபின் பலகையைப் பிடுங்கி
காரின் டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில் போட்டேன்.
தூக்கி எறிவதில்லை.
அதன் இரண்டு கால்களும்
அந்த இரண்டு குழிகளுக்குப் பழகிவிட்டன.