படிவத்தில் ஒரு கட்டம்

பணகுடிக்குத் தெற்கே, நாற்பத்தேழாம் நம்பர் காற்றாலையடியில்
பருந்து கிடந்தது.
இடது இறக்கை மட்டும் பதினோரு எட்டு தள்ளி
உடைமுள்ளில் மாட்டி
இன்னும் காற்றில் அசைந்துகொண்டு.

ஆனிக் காற்று. சாரல் மலையோடு நின்றுவிட்டது.
போனில் படிவத்தைத் திறந்தேன்.
தேதி, நேரம், பறவை இனம்,
ஆலையின் வேகம்.
வேகத்துக்கு ஒரே ஒரு கட்டம்.

கோபுரத்தின் திரையில் பதினெட்டு.
நிமிடத்துக்குப் பதினெட்டுச் சுற்று.
நாலுவழிச் சாலையில் பஸ் ஜன்னலோரம் இருப்பவர்கள்
கொட்டாவி விட்டபடி பார்க்கிற வேகம்.

ஆடுகளை விட்டுவிட்டு உச்சிமாகாளி வந்து நின்றார்.
"இம்புட்டு மெதுவா சுத்துறதுல போயி
எப்படி பிள்ள அடிபடும்?
கண்ணு அவிஞ்ச பருந்தா?"

கண் அவியவில்லை.
கண்ணுக்குக் கோணம்தான் தெரியும்.

பதினெட்டை இரண்டு பையால் பெருக்கி அறுபதால் வகுத்தேன்.
நொடிக்கு ஒன்று புள்ளி எட்டு எட்டு ரேடியன்.
இதுவரை அலகின் அடியும் நுனியும்
ஒரே சம்பளக்காரர்கள்.
பிறகு ஆரம் வந்து நடுவில் உட்கார்ந்தது.

மையத்திலிருந்து ஒரு மீட்டரில்
நொடிக்கு இரண்டு மீட்டர்கூட இல்லை.
ரேஷன் கடை மூடப்போகிறார்கள் என்றால்
என் அம்மா நடக்கிற நடை.
நாற்பத்தொன்றாம் மீட்டரில், நுனியில்,
அதே நொடிக்கு எழுபத்தேழு.
மணிக்கணக்கில் சொன்னேன்:
இருநூற்று எழுபத்தெட்டு கிலோமீட்டர்.

"நாரோயில் பஸ்ஸு எம்பதுக்கே உதறுமே" என்றார்.
அண்ணாந்து பார்த்தார்.
அலகின் நிழல் அவர் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனது,
மறுபடி, மறுபடி.
ஆடுகள் நிழலைச் சட்டை செய்யாமல் மேய்ந்தன.

பருந்தும் வட்டம் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும்,
பன்னிரண்டு நொடிக்கு ஒன்றாக,
கீழே ஓர் ஓணானைக் குறிவைத்து.
எதிரே சுற்றுவதும் தன்னைப்போல
இரை தேடுகிற ஏதோ ஒன்று என்று நினைத்திருக்கலாம்.
இது என் ஊகம்.
படிவத்தில் ஊகத்துக்கு இடமில்லை.

18 என்று அடித்தேன். அழித்தேன். 77.
கட்டம் சிவந்தது: மதிப்பு வரம்பு மீறியது.
ஐந்தாவது நிமிடம் வள்ளியூர் ஆபீசிலிருந்து ஜெபக்கனி சார்.
"எழுபத்தேழு சுத்தா? ஆலை இன்னும் நிக்குதா, பறந்துபோச்சா?"
சுற்று இல்லை சார், நுனி.
"நுனியை யாரும்மா கேட்டா?"

உச்சிமாகாளி தலைத்துண்டை அவிழ்த்து விரித்து
பருந்தை அதில் வைத்தார்.
முள்ளை நோக்கி நடந்தார், மீதிக்காக.
நான் எட்டுகளை எண்ணினேன். அவருக்கு ஒன்பதுதான் வந்தது,
கால் நீளம்.

பதினெட்டு என்றே அனுப்பினேன்.
அடியில் 'குறிப்பு' என்று ஒரு வரி விட்டிருந்தார்கள்.
இறக்கை கிடந்த தூரத்தை அதில் எழுதினேன்,
டேப் வைத்து அளந்து,
மீட்டரில்.