எளிய நடைபாதை

எங்கள் ஊர்க் குளிர் இவ்வளவுதான்:
அன்ரோவின் தலையில் ஒரு குரங்குக் குல்லாய்.
ஒன்பது மணிக்கு அதைக் கழற்றி
ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டிவிடுவான்.
வாடை அடிக்கிறது. சீட்டில் இன்னும் ஈரம்.
தேவிபட்டினம் தாண்டி, சீமைக்கருவை முடிகிற இடத்தில்
வனத்துறைக்காரர்கள் கம்பி வேலி போட்டு
உப்பங்கழிக்கு ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள்.
பெரியவர் இருபது, சிறுவர் பத்து.

"எளிய நடைபாதை. ஆயிரத்து இருநூறு மீட்டர்.
முதியோரும் நடக்கலாம்" என்கிறது பலகை.
பிலோமினா அதை இரண்டு முறை படித்தாள்.
அவளுக்கு முப்பத்தெட்டு.

ஐப்பசியில் வந்த காய்ச்சல் நாலே நாளில் போய்விட்டது.
மூட்டுவலியை மட்டும் விட்டுப் போனது,
வாடகை பாக்கியோடு காலிசெய்தவன்
உடைந்த கட்டிலை விட்டுப்போகிற மாதிரி.
இரண்டு மாதம் சுவரைப் பிடித்தே
அடுப்படிக்குப் போய்வந்தாள்.
தண்ணீர்க் குடத்தை நான் தூக்கினேன்;
தூக்கியதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

நான் வீடு வீடாய் மீட்டர் பார்க்கிறவன்.
கண் எதையும் எண்ணாமல் விடாது.
முதல் நூறு மீட்டருக்கு ஒன்பது நிமிடம்.
பலகைப் பாலத்தில் வரிசைக்கு நாலு ஆணி,
மூன்றாம் வரிசையில் ஒன்று குறைவு.
இதை அவளிடம் சொன்னபோது
"என் காலையும் குறிச்சுக்குங்க,
போன மாசம் எவ்வளவு, இந்த மாசம் எவ்வளவுன்னு" என்றாள்.
சிரித்தாளா, தெரியவில்லை.
பலகையையே பார்த்து வந்தாள்.

வெள்ளை ஷூ போட்ட எழுபது வயதுக்காரர்
எங்களை இருமுறை தாண்டிப் போனார்.
இரண்டாம் முறை, "பொறுமையா வாங்கம்மா."
பிலோமினா மனசுக்குள் அவருக்குச் சொன்ன பதில்
உதட்டில் லேசாகத் தெரிந்தது.

பாலத்துக்குக் கீழே சேறு.
சேற்றில் அலையாத்தியின் மூச்சுவேர்கள்
பென்சில் பென்சிலாய்.
"யாரோ கீழேருந்து எழுதப் பாக்குறாங்க" என்றாள் ஜெனோவா.
உளுவை ஒன்று வாலை ஊன்றித் துள்ளி
மீனா தவளையா என்று முடிவுசெய்யாமல் நின்றது.

பூநாரை இருக்கா என்று கேட்டால்
காவலர் முனியராசு
பனங்கிழங்கின் நாரை உரித்தபடி
"நேத்து இருந்துச்சு" என்கிறார்.
நேற்று வந்தவர்களிடமும் அதையேதான் சொல்லியிருப்பார்.
ஆனால் பாதிக் கிழங்கை ஒடித்துப்
பிள்ளைகளுக்குக் கொடுத்தார், விரலெல்லாம் மஞ்சள்.
பைனாகுலர் வாடகை முப்பது. அதில் தள்ளுபடி இல்லை.

அன்ரோ அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டான்.
"அப்பா, அம்மா எம்புட்டுத் தூரத்துல இருக்காங்க பாருங்க!"
அவள் பத்தடியில்தான், சிமெண்டு பெஞ்சில்.
நானும் வாங்கிப் பார்த்தேன்.
தீப்பெட்டிப் படம் அளவில் ஒரு பெண்,
கடலுக்கு அந்தக் கரையில் இருப்பவள் போல.
செருப்பைக் கழற்றிவிட்டு
கால் விரல்களை ஒவ்வொன்றாய்
மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் திறந்தபடி.
இரண்டு மாதமாய் ஒரே வீட்டில்
இதை நான் பார்த்ததில்லை.

"ஒழுங்காப் பிடிடா" என்று
அவனைத்தான் அதட்டினேன்.

காட்சிக் கோபுரத்துக்கு இருபத்தோரு படி.
பிள்ளைகள் மேலே போய்க் கத்தினார்கள்:
ஆலா, ஆலா, ஒரு படகு, அதோ வெள்ளையா ஏதோ...
கொக்கு. வெறும் கொக்கு.
அவள் கைப்பிடியைப் பற்றினாள்.
நான் நீட்டிய கையைக் கண்ணாலேயே தள்ளினாள்.
ஏழாவது படியில் நின்றாள்.

அங்கிருந்து கடல் தெரியாது.
கண்டல் இலைகளின் முதுகு தெரிந்தது,
வேலிக்கு வெளியே எங்கள் ஸ்கூட்டர்,
அதன்மேல் உட்கார்ந்து
அன்ரோவின் குல்லாயைக் கொத்தும் காக்கை.

"இன்னைக்கு இது போதும்."
ஏழு என்று நான் சொல்லவில்லை.
மேலேயிருந்து ஜெனோவா கூப்பிட்டாள்.
"வர்றேன்னு சொல்லுங்க" என்றாள் பிலோமினா,
"எப்பன்னு சொல்லாதீங்க."

பிறகு காக்கையை விரட்ட
என்னை அனுப்பினாள்.