பெருக்கிய தூசி

எங்கள் வீட்டில் தூசியைக் கொட்டுவதில்லை.
பனங்காட்டில் கொலுசுப் பட்டறை உள்ள எந்த வீட்டிலும்
கொட்டமாட்டார்கள்.
அரம் தின்ற வெள்ளி
விளக்குமாற்று இடுக்கில், கால்மிதியில்,
அவர் கை கழுவும் வாளியின் அடியில்கூடக் கிடக்கும்.
கூட்டி அள்ளி டப்பாவில் மூடி வைத்தால்
தீபாவளிக்கு முன்
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஆள் வருவான்,
எரித்து, உருக்கி,
மிளகளவு வெள்ளிக்கும் கணக்குச் சொல்வான்.

அப்படிப் பொறுக்கிய கைதான்
செவ்வாய்க்கிழமை
ஊசிப்போன குழம்பு, மாங்கொட்டை,
சின்னவளின் டயப்பர், ஃபியூஸ் போய் உடைந்த பல்பு
எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்து
இறுக்கி முடிச்சுப் போட்டு நீட்டியது.

பேட்டரி வண்டி சந்து முனையில் நின்றது.
பெருமாயி முடிச்சை அவிழ்த்தாள்.
பச்சைக்குப் போவது பச்சைக்கு,
நீலத்துக்குப் போவது நீலத்துக்கு.
சட்டென்று கையை உதறினாள்.
கையுறை கிழிந்த விரலில்
ஒரு சிவப்புப் பொட்டு.

திட்டுவாள் என்று நின்றேன்.
"மூணு வருசமா வர்றேன்,
உங்க வீட்டுத் தூசிய மட்டும் பார்த்ததே இல்லக்கா" என்றாள்.
விரலை வாயில் வைக்கப் போனவள்
எதையோ நினைத்து நிறுத்திக்கொண்டாள்.

இன்று
பால் கவரைக் கழுவிக் கொடியில் மாட்டியிருக்கிறேன்.
"அதுல என்ன, வெள்ளியா இருக்கு?"
தலை நிமிராமலே கேட்கிறார் பட்டறையிலிருந்து.

கைதவறி உடைந்த தம்ளரைத்
தினத்தாளில் நாலு சுற்றுச் சுற்றி
ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன்:
கண்ணாடி.
போதாதென்று பட்டது.
கீழே, கொஞ்சம் சிறிதாக:
பார்த்து.